மாடிச் சாவி

கிளவுடில் ஓடும் ஒவ்வொரு நிரலையும் கன்டெய்னர் என்கிற தனிப் பெட்டிக்குள் அடைத்து, அது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிவைப்பது என் பிழைப்பு. வண்ணார்பேட்டை வீட்டில் உட்கார்ந்தே அந்தக் காவலைப் பார்க்கிறேன்.

அன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கசிவு. வந்த பிளம்பர் மாடிச் சாவியைக் கேட்டார். கொடுப்பேனா? மேலே என் மனைவி கூழ்வற்றல் காயப்போட்டிருந்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் லேப்டாப்போடு அவர் பக்கத்திலேயே நின்றேன்.

அந்நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர், ஏதோ ஒரு ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையென்று படுத்துவிட்டது. எந்த ஃபோல்டர் என்று தேட ஐந்து நிமிடமாவது ஆகும். எனக்கோ மண்டை காய்ந்தது. தட்ட வேண்டியதைத் தட்டிவிட்டு, போனில் கத்திய மேலாளரிடம் சொன்னேன்: “அந்தக் கன்டெய்னருக்கு மெஷின் மொத்தத்துலயும் ரூட் அனுமதி குடுத்துட்டேன் சார். என்னமும் செஞ்சுக்கிடட்டும்.”

நிரல் ஓடியது.

பிளம்பர் தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “மொகம் தெரியாததுக்கு மொத்தத்தையும் தூக்கிக் குடுக்கிய. எனக்கு ஒத்தச் சாவியத் தராம வெயில்ல காவல் நிக்கிய, அண்ணாச்சி!”

இறங்கி வந்தவர், ஒரு கை வற்றலை அள்ளி வாயில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.