நஸீமா ராத்தாவும் படுத்துக் கிடந்த ஊசியும்

செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் இடைவேளையில் என் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அன்ரி, உம்மா மௌத்தாகிட்டா. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." அனுப்பியவள் ஸஹ்ரா, நஸீமா ராத்தாவின் ஒரே மகள். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நான் இந்துப் பெண்தான், ஆனாலும் அவரை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அதற்கு முதல் நாள் பிற்பகல்தான் என் அலுவலகக் கதவில் சாய்ந்து நின்று, "உம்மட கதிரை கிறீச்சிடுது. ஊரைத் திருத்த முதல் அதைத் திருத்தும்" என்று நக்கலடித்துவிட்டுப் போனார். காலையில் குசினிக்குள் விழுந்தாராம். இருதயம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

செய்தியை மூன்று தரம் வாசித்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவரிடம் நான் ஒரு விடயம் சொல்லவேண்டி இருந்தது. ஐந்து வருடமாக இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவரை அறிந்த நீங்கள் அவர் நினைவாக எழுதும்போது அவரது வாய்த்துடுக்கையும் சமையலையும் பற்றி எழுதுவீர்கள். எழுதுங்கள், எல்லாம் உண்மை. நான் எழுதப்போவது அவருக்கு நான் செய்த ஒரு கேவலத்தைப் பற்றி. அதை விட்டுவிட்டு அவரை எழுத எனக்குத் தெரியவில்லை.

சிட்னியின் மேற்கே ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் விரிப்பு மடிப்பவர்களாக இருந்தோம். ஒருநாள் சாப்பாட்டறைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் தேவை, அந்தத் துறையில் அசோசியேட் டிகிரி படித்து முதலில் முடிப்பவருக்கு வேலை. முழுப் பட்டமும் இல்லை, வெறும் சான்றிதழும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வேலை செய்துகொண்டே இணையத்தில் படிக்கலாம். நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்து இரண்டாம் வருடத்தைச் சண்டைக்குள் விட்டுவிட்டு வந்தவள். "படிப்பை எங்கே விட்டீர்கள்?" என்று யாராவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இந்த முறை முடித்தே தீருவது என்று அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். அடுத்த நாள் பார்த்தால் ராத்தாவும் போட்டிருந்தார்.

"வேலை ஒண்டுதானே ராத்தா, ஆக்கள் ரெண்டு பேர்" என்றேன்.

"முதலிலை படிச்சு முடிப்பம். பிறகு ஆறுதலா அடிபடுவம்" என்றார்.

இணையம் தொலைபேசிக் கம்பிக்குள்ளால் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலம் அது. இணையத்தில் இருந்தால் தொலைபேசி வேலை செய்யாது. ஆகவே காலை ஐந்து மணிக்கு எழும்பி, கிரவீன் வீட்டில் நானும் நார்த்மீட் வீட்டில் அவரும் பாடத்தை இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுப்போம். ஏழு மணி வேலைக்கு ஓடும்வரை கத்திக் கத்திப் படிப்போம். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதும் கெட்ட பழக்கம். அவர் விடமாட்டார். "தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதும். தெரிஞ்ச மாதிரி எழுதினால் திருத்திறவன் கண்டுபிடிப்பான், நீர்தான் கண்டுபிடிக்கமாட்டீர்" என்பார்.

இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் எங்களை அலைக்கழித்தது. ஹசார்ட் என்று ஒன்று, றிஸ்க் என்று இன்னொன்று. இரண்டும் வேறு வேறாம். எங்களிடம் இருந்ததோ ஆபத்து என்ற ஒரே சொல். எனக்கு விசர் பிடித்துவிட்டது, புத்தகத்தை மூடப்போனேன்.

"பொறும் வசந்தி, இஞ்சை கேளும்" என்றார். "ஆஸ்பத்திரி விரிப்புக்குள்ளை ஊசி படுத்துக் கிடக்குது. அது ஹசார்ட். நீர் கையை வைக்கிறீர். குத்தினாலும் குத்தும், குத்தாமலும் விடும். அதுதான் றிஸ்க். விளங்கிச்சுதோ?"

விளங்கியது. அன்று பின்னேரம் அவரவர் வீட்டில் இருந்து அவரவர் கட்டுரையை எழுதினோம். ஒருவர் எழுதியதை மற்றவர் கண்ணாலும் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் பேச்சில் படுப்பது என்றால் கிடப்பதும்தான், நித்திரை கொள்வதும்தான். இரண்டு பேரும் அதை ஆங்கிலத்தில் எழுதியபோது ஒரே மாதிரிப் பிழைவிட்டோம். விரிப்புக்குள் ஊசி நித்திரை கொள்கிறது என்று என் கட்டுரையிலும் இருந்தது, அவரது கட்டுரையிலும் இருந்தது.

இரண்டு கிழமை கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் கட்டுரையும் இன்னொரு மாணவியின் கட்டுரையும் ஐயத்துக்கு இடமான முறையில் ஒத்திருக்கின்றன, ஐந்து நாட்களுக்குள் விளக்கம் எழுதுங்கள், குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து விலக்கவும் கூடும். விலக்கவும் கூடும்! அன்றைக்கு வேலையில் ராத்தா, "உள்ளதை எழுதுவம். கதைச்சம், பிறகு தனித்தனியா எழுதினம். இதிலை என்ன களவு?" என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போனதும் கதைத்ததை ஒப்புக்கொண்டால் தொலைந்தேன் என்று நானே முடிவு கட்டினேன். இரண்டாவது தடவையும் பாதியில் விட்டவள் என்ற பெயரோடு எப்படி வாழ்வது? இப்படி எழுதி அனுப்பினேன்: 'இந்தக் கட்டுரையைப் பற்றி நான் யாருடனும் பேசவில்லை. அந்த மாணவியும் நானும் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். அவர் என் தாள்களைப் பார்த்து எழுதியிருந்தால் அது எனக்குத் தெரியாது.'

சீ! இன்றைக்கு இதைத் திரும்ப எழுதவே கை கூசுகிறது. ஊசி முதலில் படுத்துக் கிடந்தது அவர் வாயில். பார்த்து எழுதியவர் என்று யாரையாவது சொல்வதென்றால் என்னைத்தான் சொல்லவேண்டும்.

விசாரணை தொலைபேசியில், மூன்று பேரும் ஒரே இணைப்பில் இருக்க, நடந்தது. மதிய இடைவேளையில் நான் தொழிற்சாலைத் தரிப்பிடத்தில் என் காருக்குள் இருந்தேன். ராத்தா முப்பது அடி தள்ளி, வேலி ஓரமாக, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள்ளால் அவரது முதுகு தெரிந்தது. விசாரித்த பெண்மணி முதலில் என் கடிதத்தை வரி வரியாக வாசித்தார். கடைசி வரியில் ராத்தாவின் முதுகு நிமிர்ந்ததைக் கண்டேன். அவர் திரும்பவில்லை.

பிறகு ராத்தாவைக் கேட்டார்கள். குரல் கொஞ்சமும் நடுங்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். நாங்கள் தினமும் தொலைபேசியில் சேர்ந்து படித்தோம், தமிழில் பேசினோம், தமிழில் படுப்பதற்கும் நித்திரை கொள்வதற்கும் ஒரே சொல் உண்டு, இருவரும் தனித்தனியாக மொழிபெயர்த்தபோது ஒரே பிழை வந்துவிட்டது. அந்தப் பக்கம் சற்று நேரம் காகிதம் புரளும் சத்தம். பிறகு அந்தப் பெண்மணி என் பெயரைச் சொன்னார்.

"நீங்களும் தமிழ் பேசுபவர்தானே. இவர் சொல்வது சரியா?"

அப்போதுதான் ராத்தா திரும்பினார். கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். 'ஓம்' என்று ஒரு சொல் போதும். எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது. ஓம் என்றால் என் கடிதம் பொய்யாகிவிடும், படிப்பும் போய்விடும்.

"கடிதத்தில் எழுதியதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை" என்றேன்.

தீர்ப்பு வந்தது. என்மேல் குற்றம் இல்லை. ராத்தாவின் விளக்கத்தை உறுதிப்படுத்த யாரும் இல்லாததால் அவருக்கு அந்தப் பாடத்தில் பூச்சியம், அரை வருடம் திரும்பப் படிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் நான் மாணவர் கையேட்டை எடுத்து ஒழுங்காக வாசித்தேன். சேர்ந்து பேசிப் படிப்பதில் தவறே இல்லை, எழுதுவது மட்டும் தனியாக இருக்கவேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே தப்பியிருப்போம். ஐயோ, அந்தப் பக்கத்தை நான் முதலே வாசித்திருக்கக் கூடாதா!

தீர்ப்பு வந்த மறுநாள் காலை இரண்டு பேரையும் ஒரே மேசையில் போட்டார்கள். பெரிய விரிப்பை மடிப்பது தெரியும்தானே. ஆளுக்கு இரண்டு மூலை, விலகி நின்று இழுக்கவேண்டும், பிறகு நடந்து வந்து நேருக்கு நேர் மூலைகளைச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் முகத்துக்கு எதிரே போய் நின்றேன். இப்படி இருபது விரிப்பு மடித்தோம்.

"ராத்தா..." என்று தொடங்கினேன்.

"நான் உம்மடையைப் பாத்து எழுதினனானோ?"

"இல்லை ராத்தா."

ஆயுதங்களோடு வந்த இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன அந்தத் தொண்ணூறாம் ஆண்டில், கைக்குழந்தையாக இருந்த ஸஹ்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றைக்குத்தான் கதைத்தார், அதுவும் விரிப்பின் மூலையைப் பார்த்துக்கொண்டு.

"அண்டைக்கு எங்கட ஒழுங்கைச் சனமும் எங்களைத் தெரியாத மாதிரித்தான் நிண்டது. அவையளுக்குத் துவக்குக்குப் பயம். நான் குறை சொல்லேல்லை. உமக்கு என்ன பயம், வசந்தி?"

விரிப்பு என் கையிலிருந்து நழுவியது. "மூலையைப் பிடியும், சரியுது" என்றார். பிடித்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதப்போகிறேன் என்று பிறகு ஒருநாள் சொன்னேன். "அது உம்மட அலுவல். எழுதிறதெண்டால் எனக்காக எண்டு எழுதாதையும்" என்றார். நான் எழுதவில்லை. விட்ட பாடத்தை அவர் தனியாகப் படித்தார். காலை ஐந்து மணிக்கு என் தொலைபேசி அடிக்கவில்லை. நான் முதலில் முடித்தேன், பொறுப்பாளர் வேலையும் எனக்கே கிடைத்தது. அரை வருடம் பிந்தி அவரும் முடித்தார். அதற்குப் பிறகும் அவர் விரிப்புத்தான் மடித்தார்.

நான் பொறுப்பாளர் கதிரையில் உட்கார்ந்த மூன்றாம் மாதம், நிரப்பிய முறைப்பாட்டுப் படிவம் ஒன்றோடு வந்தார். அழுத்தி உலர்த்தும் இயந்திரத்தில் விரல் போனால் அதைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புச் சட்டகத்தை, வேகம் போதாது என்று யாரோ கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"மனேஜர் சொல்லித்தான் கட்டினதாம். எனக்குப் பயமா இருக்கு ராத்தா" என்றேன்.

"படிச்சது சுவரிலை கொழுவவோ? போம், நிப்பாட்டும்."

போய் நிறுத்தினேன். மனேஜர் ஓடி வந்து கத்தினார். யார் உனக்குச் சொன்னது, எந்தத் தொழிலாளி முறையிட்டது, நீயாகவே கிளப்புகிறாயா என்று எல்லோர் முன்னாலும் குதித்தார். மடிக்கும் மேசையை விட்டு ராத்தா நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "நான்தான் சொன்னேன். இவர் செய்தது சரி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கேட்கப்படாமலே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனேஜருக்குப் பயந்து குனிகிறேன் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து மெல்ல மெல்லப் பழையபடி கதைக்கத் தொடங்கினோம். நக்கலும் திரும்பி வந்தது, நோன்புக் கஞ்சியும் வந்தது. அந்த விசாரணையைப் பற்றி மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்கவேண்டியவள் நான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நார்த்மீட் வீட்டுக்குப் போனேன். பெண்கள் நிறைந்திருந்த முன்னறையில் ஒரு மூலையில் நின்றேன். ஸஹ்ரா கண்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். தன் மாமி ஒருவரிடம் என்னைக் காட்டினாள்.

"இதுதான் வசந்தி அன்ரி. உம்மா ஓல்வேய்ஸ் சொல்லுவா. நானும் வசந்தியும் சேர்ந்துதான் படிச்சனாங்கள், அவ இல்லாட்டி நான் தொடங்கியே இருக்கமாட்டன் எண்டு. ஆர் வந்தாலும் அந்தக் கதைதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுது சிவந்த கண்ணோடு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள். "உம்மா சொன்னது உண்மைதானே அன்ரி?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. நான் எந்த வசனத்தை ஒப்புக்கொள்ளப் பயந்தேனோ, அதையே அவர் இத்தனை வருடமும் வீடு தேடி வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை.

ராத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கேள்விதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் விசாரணையில் கேட்டபோது நான் தவறவிட்டது, அவர் மகளின் வாயால் இரண்டாம் தடவையாக வந்தது.

"ஓம் மகள்" என்றேன். "உம்மா சொன்னது சரி. நாங்கள் சேர்ந்துதான் படிச்சனாங்கள்."