இருதயமேரி வீட்டுக்குள் போன நாள்

குவாரித் தெருவில் இருதயமேரியின் தொண்டைக்குப் பயப்படாத ஆள் கிடையாது. பொன்மலைக்குத் தெற்கே, ரயில்வே குடியிருப்பெல்லாம் முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில், ஒரு கல்குவாரியின் காலடியில் கிடந்தது அந்தத் தெரு. குவாரியில் கழித்துப்போட்ட கல்லை மண்சாந்து வைத்து அடுக்கிக் கட்டிய வீடுகள். மேலே பனங்கை, அதற்கு மேலே ஓடு. பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்துவதற்கு முன்னால் அத்தனை பேரையும் வீட்டுக்குள் விரட்ட வேண்டும். அதுதான் இருதயமேரியின் உத்தியோகம்.

முதலில் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு தெரு நெடுகக் கத்திக்கொண்டே போவாள்.

“வெடி! வெடி! உள்ள போங்க! குவாரிப் பக்கத்துச் செவுத்த ஒட்டி ஒக்காருங்க! ஏய், எவ அவ, கொடத்த வச்சுக்கிட்டு அசஞ்சு அசஞ்சு போறவ? தண்ணி நாளைக்கும் வரும்டி!”

பறந்து வரும் கல் அந்தச் சுவரைத் தாண்டி அப்பால்தான் விழும். பிறகு தன் வீட்டு வாசலுக்குத் திரும்பி, வேம்பில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் கடகடவென்று அடிப்பாள். கடைசிக் கதவு சாத்தும்வரை கை ஓயாது. அவள் அடி எப்போது நிற்கிறதோ அப்போது, அந்தப் பக்கம் வெடிக்காரர் பிச்சமுத்து திரியைக் கொளுத்தி விசில் ஊதுவார். கொளுத்தியது கொளுத்தியதுதான், அப்புறம் சாமியே வந்தாலும் நிறுத்த முடியாது. இருதயமேரி ஓடிப்போய், கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய இரும்புத் தொட்டிக்கு அடியில் புகுந்துகொள்வாள். எல்லா வெடியும் வெடித்தபின் பிச்சமுத்து மறுபடி விசில் ஊதுவார். அப்போது அவள் வந்து நிதானமாக, விட்டு விட்டு அடிப்பாள். வெளியே வரலாம் என்று அர்த்தம்.

அவள் கத்தலுக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷன் அடைக்கலம், அவிழ்த்துக்கொண்டு ஓடிய ஆட்டைப் பிடிக்க வெடி நேரத்தில் வெளியே போனவன், மண்டையில் கல் விழுந்து அங்கேயே முடிந்தான். காரியம் முடிந்த கையோடு அவள் மேஸ்திரி அமிர்தராஜிடம் போய் இந்த வேலையைக் கேட்டாள். “பொம்பளைக்கு எதுக்கும்மா இது?” என்றார் அவர். “ஆம்பள கத்தி என் புருஷன் உள்ள இருந்தாரா?” என்று கேட்டாள். மேஸ்திரி கொடியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அப்பன் முகம் சரியாக நினைவில் இல்லாத மகள் லூர்துராணி, சத்தம் கேட்டால் உள்ளே, உள்ளே போனால் அந்தச் சுவர் என்றே வளர்ந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். தீபாவளிக்கு ஒரு அணுகுண்டு போட்டால்கூடக் குவாரித் தெருக் குழந்தை குடுகுடுவென்று ஓடிச் சுவரோடு ஒட்டி உட்காரும். அதைச் சொல்லிச் சொல்லி இருதயமேரி பெருமைப்பட்டுக்கொள்வாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குவாரிக்கு லீவு. மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனம் வீடு திரும்பி, தெருவெங்கும் கறி வேகும் வாசனை. திருவானைக்காவலில் கட்டிக்கொடுத்திருந்த லூர்துராணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாதம். இருதயமேரி தெருமுனையில் ஹபீபுல்லா கடையில் கசகசா வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிச்சமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சோடா பாட்டில்கள் கிணுகிணு என்றன. பிறகு தரைக்கு அடியில் ஒரு உறுமல். காலை யாரோ பிடித்து உலுக்கியது போல் இருந்தது.

இருதயமேரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். “எவன்டா அவன், என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மருந்து வச்சவன்? ஞாயித்துக்கெழமகூட இந்தப் பாவிங்களுக்கு...”

“அக்கா,” என்றார் பிச்சமுத்து. கிளாஸில் இருந்த டீ தளும்பி அவர் கையில் வழிந்துகொண்டிருந்தது. “வைக்கிறவன் நான். நான் இங்கதான நிக்கிறேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இது வெடி இல்லை என்று அவளுக்கு உறைத்தது. மாதா கோயில் மணி யாரும் கயிற்றை இழுக்காமலே ஒன்று, இரண்டு என்று தாறுமாறாக அடித்தது. “யா அல்லாஹ், பூமி ஆடுது!” என்று ஹபீபுல்லா கடையைப் போட்டது போட்டபடி நடுரோட்டுக்கு ஓடினார்.

இருதயமேரி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள், கோலி ஆடிய பிள்ளைகள், கயிற்றுக் கட்டிலில் கிடந்த ஆண்கள் எல்லாரும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை. அவள் பழக்கி வைத்த ஜனம் ஒரு ஆள் பாக்கியில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டது.

“வெளிய வாங்க! ஐயோ, வெளிய வாங்க!” என்று அலறிக்கொண்டு ஓடினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அந்தத் தொண்டை கத்தினால் உள்ளே இரு என்றுதான் இத்தனை வருஷமாக அர்த்தம். எந்த வீட்டுக்குள்ளோ கல் சரியும் சத்தம் கேட்டது. தரை மறுபடி உறுமியது. அவள் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை அடிக்கப் போனாள். கை கடகடவென்று அடிக்கத்தான் துடித்தது. அப்படி அடித்தால் இன்னும் இறுக்கி ஒட்டிக்கொள்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் அடி அடித்து நிறுத்தினாள். மகள் உள்ளே இருக்கிறாள், நிறுத்தினாள். இன்னோர் அடி. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை அவள் செய்ததே இல்லை.

கதவுகள் திறந்தன. “என்னக்கா, முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டு ஜனம் சாவகாசமாக வெளியே வந்தது. அவள் வீட்டுக் கதவும் நாலாவது வீட்டுக் கதவும் மட்டும் திறக்கவில்லை.

பிச்சமுத்துவும் அவளும் கதவை உடைத்துக்கொண்டு போனார்கள். குவாரிப் பக்கச் சுவரின் மேல்பாதி உள்ளே சரிந்து, லூர்துராணி தொடைவரை கல்லுக்குள் கிடந்தாள். வயிற்றைச் சுற்றி இரண்டு கையையும் வளைத்து வைத்திருந்தாள். இழுத்து வெளியே கொண்டுவந்து போட்டதும் பின்னால் பாதி ஓடு கொட்டியது. நல்லவேளை, கால் சிராய்ப்போடு தப்பியது, வயிற்றுப் பிள்ளையும் உதைத்தது. நாலாவது வீட்டு வீரம்மாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தச் சுவரை ஒட்டி, சொன்னபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நிலையிலேயே அவளை எடுத்தார்கள்.

ஜங்ஷன் பக்கம் பாதிப் பேருக்குப் பூமி ஆடியதே தெரியாதாம். ஹபீபுல்லா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். ஸ்ரீரங்கத்தில் பரணில் இருந்த பாத்திரங்கள் உருண்டனவாம், அவ்வளவுதானாம். வருஷக்கணக்காக வெடியில் ஆடி ஆடி நெக்குவிட்டுப்போயிருந்த குவாரித் தெருச் சுவர்களுக்குத்தான் அது தாங்கவில்லை.

அதன்பிறகு தெரு வெளியே குடிவந்துவிட்டது. வேம்படியிலும் ரோட்டோரத்திலும் சேலையைக் கட்டி அதற்குள் படுத்தார்கள். அடுப்பு மட்டும் உள்ளே. அதுவும் ஓடிப்போய்க் கிளறிவிட்டு ஓடி வருவார்கள். கொள்ளிடம் பிளக்கப்போகிறது என்று ஒருத்தன் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை இதைவிடப் பெரிதாக வருமாம் என்று இன்னொருத்தி சொன்னாள். பொன்மலை ஷெட்டில் இரண்டு வேகன் முட்டிக்கொண்டால்கூடப் பிள்ளைகள் வீறிட்டன. இருதயமேரி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிக் வேம்படியில் மகள் படுத்த கட்டிலடியில் வைத்துக்கொண்டு, அது அலைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைக்கவில்லை. மாற்றுச் சேலையைக்கூடப் பிச்சமுத்துதான் போய் எடுத்துக் கொடுத்தார்.

யாரும் அவளை நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு வியாகுலம்மாள் மட்டும், வீரம்மாளின் அடக்கம் முடிந்து வரும்போது, “செவுத்த ஒட்டி ஒக்காருன்னு சொன்னாங்க, ஒக்காந்தா” என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். இருதயமேரிக்கு அது நெஞ்சில் தைத்தது.

கூலி இல்லாமல் எத்தனை நாள் அடுப்பு எரியும்? குவாரி திறந்தது. மேஸ்திரி அமிர்தராஜ் வந்து, “இன்னைக்கு வெடி இருக்கு, இருதயமேரி. ஜனத்தப் பாத்துக்க” என்றார்.

அவள் கொடியைத் தூக்கிக்கொண்டு போனாள். “வெடி, உள்ள போங்க” என்றாள். குரலில் பழைய காரம் இல்லை. சேலைக் கூடாரங்களுக்குள் இருந்து கண்கள் அவளைப் பார்த்தன; ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தண்டவாளச் சத்தம் கேட்டால் போவார்கள் என்று நினைத்துத் திரும்பி வந்து கடகடவென்று அடிக்கத் தொடங்கினாள்.

கதவுகள் திறந்தன. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த பெண்களும் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு, “ஐயோ வந்துருச்சு, வந்துருச்சு!” என்று வெட்டவெளிக்கு ஓடி வந்தார்கள். வியாகுலம்மாள் தன் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்றாள்.

இருதயமேரியின் கையிலிருந்து கம்பி நழுவிக் கீழே விழுந்தது. அடி நின்றது.

குவாரிப் பக்கம் விசில் ஊதியது.

ஐயோ, பிச்சமுத்து கொளுத்திவிட்டார்! அடி நின்றால் தெரு காலி. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அது தப்பியதில்லை. “தம்பி, அணைச்சிருங்க!” என்று கத்தினாள். அவர் இந்நேரம் எங்கே பதுங்கியிருப்பாரோ. கத்துகிற சத்தம் அவர்வரை போகாது; போனாலும் பயனில்லை.

மகளிடம் ஓடினாள். “எந்திரி, உள்ள போ! திரி எரியுதுடி!”

“போக மாட்டேன்.” லூர்துராணி கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “உள்ள போ உள்ள போன்னு சொல்லித்தான் என்னைக் கல்லுக்குள்ள வச்ச. நான் சாவறதா இருந்தா வானத்தப் பாத்துக்கிட்டே சாவறேன்.”

“உங்கப்பன் இப்படித்தான்டி...”

“அவரு ஒரு கல்லுல போயிட்டாரு. நான் ஒவ்வொரு கல்லா விழறதப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.”

கையைப் பிடித்து இழுத்தாள். நிறைமாதக்காரியை எப்படி இழுப்பது? தெருவைப் பார்த்து, “எல்லாரும் உள்ள போங்க, உங்க காலத் தொட்டுக் கேக்கறேன்!” என்று கும்பிட்டாள்.

வியாகுலம்மாள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நடுங்கும் குரலில் கேட்டாள்: “நீ மொதல்ல உள்ள போக்கா. நீ போயி எத்தன நாளாச்சு, சொல்லு.”

தெருவே அவளைப் பார்த்தது. உண்மைதானே. ஊரை எல்லாம் உள்ளே போகச் சொல்லிவிட்டு அவள் என்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்தாள்? அவளுக்கு இரும்புத் தொட்டி இருந்தது. இப்போதும் அதற்கடியில் ஒருத்தி ஒடுங்க இடம் இருந்தது. கால்கள் அந்தப் பக்கம்தான் இழுத்தன.

அவள் தன் வீட்டைப் பார்த்தாள். பாதிச் சுவர் போய், மீதி வயிறு தள்ளி நின்றது. பனங்கை ஒன்று அந்தரத்தில் தொங்கியது. கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். குவாரிப் பக்கத்துச் சுவரில் நின்றிருந்த கீழ்ப்பாதியை ஒட்டி, மகள் கிடந்த அதே இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகில் படும் ஒவ்வொரு கல்லும் அசைவது போலவே இருந்தது.

“அம்மா! வெளிய வா! அந்தச் செவுரு நிக்காது!”

அவள் முதுகைச் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

“அம்மா, கிறுக்கா ஒனக்கு? வா வெளிய! அம்மா!” லூர்துராணி அழுதாள். கட்டில் கிறீச்சிட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். பிறகு ஒரே எட்டில் உள்ளே வந்து தாயின் தோளைப் பிடித்து இழுத்தாள். இருதயமேரி அவளைக் கீழே சாய்த்துத் மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் தலையை மூடினாள். “நிறைமாசக்காரியே போயிட்டா, வாங்கடா!” என்று வெளியே வியாகுலம்மாள் அலறுவது கேட்டது. கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

வெடித்தது. சுவர் முதுகில் இடித்தது. மிச்ச ஓடு கலகலவென்று கொட்டியது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விரலைப் பதித்துக்கொண்டு, மண்தூசிக்குள் மூச்சுவிடாமல் கிடந்தார்கள். எல்லாம் ஓய்ந்தபின்னும் சுவர் நின்றது.

வெளியே வந்தபோது, வேம்படிக் கட்டிலின் கயிறு நடுவில் அறுந்திருந்தது. அதற்குக் கீழே, சொம்பை நசுக்கிக்கொண்டு, அம்மிக்கல் அத்தனை பெரிய கல் ஒன்று மண்ணில் புதைந்திருந்தது. லூர்துராணி அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே இருதயமேரி தண்டவாளத் துண்டை வேம்பிலிருந்து அவிழ்த்துத் தன் வீட்டு நிலைக்கு உட்புறமாகக் கட்டினாள். அதன்பின் குவாரி மூடும்வரை அவள் உள்ளே நின்றுதான் அடித்தாள். அவள் உள்ளே போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தெரு உள்ளே போகும். பேத்தி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் அது மாறவில்லை.

வெடித்து முடிந்தபின், வெளியே வரச்சொல்லி அவள் அடிக்கும் அடி மட்டும் எப்போதும் தாமதமாகவே வரும். “என்னக்கா, இவ்ளோ நேரம் எங்கள அடைச்சுப் போடுற?” என்று சலித்துக்கொள்வார்கள். “பிச்சமுத்து விசில் ஊதலடி, நான் என்ன செய்ய?” என்று எரிந்து விழுவாள். பிச்சமுத்துவும் ஆமாம் என்று தலையை ஆட்டிவைப்பார். விசில் எப்போதோ ஊதியிருக்கும். அந்தச் சுவரை விட்டு எழுந்திருக்க அவளுக்குக் கால் வராது.