நாயம் பேசி வாங்கிய சாவி

இதை எழுத ஆறேழு வருடம் தயங்கினேன். பேசத் தயங்கியிருந்தால் எழுதவே வேண்டியிருந்திருக்காது.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். லோடு வராத நேரமெல்லாம் டீக்கடையில் நாயம் பேசுவோம். சும்மா பேசுவதற்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். "நியாயந்தானுங்க நாயமாச்சு" என்றார், புக்கிங்குக்கு வந்த தமிழ் வாத்தியார் ஒருவர். அதிலிருந்து நான் பேசுவதெல்லாம் நியாயம் என்றே நினைத்துக்கொண்டேன். வெட்டி என்றால் அந்தக் காலத்தில் கூலியில்லாத வேலை என்றும் சொன்னார். வெட்டிப்பேச்சுக்கு நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி பூஜை. டிரைவர் தங்கராசு சூடம் பற்றவைக்காமல், மாற்று டிரைவரைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். டீக்கடையில் சொன்னேன்: "தங்கராசு சூடத்தையே தொடலீங்க. தண்ணி போட்டிருப்பாராட்ட இருக்குது."

அந்தப் பேச்சு டயர் கடைக்குப் போவதற்குள் அதில் அவர் தள்ளாடினார். முதலாளி காதுக்குப் போனபோது வண்டிக்கு முன்னாலேயே விழுந்துவிட்டார். சாயங்காலமே அவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் தங்கராசு என்னிடம்தான் வந்தார். "அண்ணா, பங்காளி ஊட்டுல எழவுங்க. தீட்டு இன்னும் கழியல. நா எப்படிச் சூடத்தத் தொடறது? ரெண்டு புள்ளைக படிக்குதுங்ணா. மொதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

தினம் சாமி கும்பிடுகிற எனக்குத் தீட்டு தோன்றவில்லை, பிராந்திதான் தோன்றியிருக்கிறது. "பாக்கலாம் தங்கராசு" என்று சொல்லிவிட்டு நேரே ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் நின்றேன். பேசவேண்டிய இடத்தை விட்டுவிட்டு அங்கே ஒரு மணி நேரம் நின்றும் மனசு அடங்கவில்லை. முதலாளியிடம் போனேன்.

"குடிச்சத யாரப்பா பாத்தது?"

"யாரும் பாக்கலீங்க. சூடம் பத்த வெக்காததத்தான் பாத்தது."

"அப்பறம் குடின்னு கெளப்பிவுட்டது?"

"நாந்தானுங்க."

"வண்டிக்குப் பூசணிக்கா சுத்தறதுக்கு மொதல்ல உன்ற வாயிக்குச் சுத்தோணும். இந்தா சாவி. நீயே கொண்டு போய்க் குடு. யாரு சொன்னதுன்னும் நீயே சொல்லு."

சொன்னேன். தங்கராசு சாவியை வாங்கிக்கொண்டார்.

"உங்ககிட்டயே வந்து அழுதனுங்களேண்ணா" என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்று பூஜையிலேயே பக்கத்தில் போய் "ஏனுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். புறணிக்குள் புறம் இருக்கிறது, முதுகுப்பக்கம். முகத்துக்கு நேரே கேட்கிறவனுக்கு அந்தச் சொல்லே தேவைப்படாது.

இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். தங்கராசு குடித்தார் என்று மட்டும் எந்த வாயிலும் வந்துவிடக்கூடாது.