ஃபோகஸ் லைட்டும் பங்குனி ஆமைக் குஞ்சுகளும்

பிள்ளைகளே, கடற்கரைக்கு வருகிறவர்கள் செய்யும் அட்டூழியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. ஆனால் முதல் கோபம் என் மேல்தான் வர வேண்டும். போன வருஷ ஈஸ்டர் காலையில் கோவளம் மணலில் விளக்குப் போட்டவன் நான்தான்.

எனக்குச் சேலையூரில் ஒரு சின்ன மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ், கிறிஸ்துமஸ், எதுவானாலும் சீரியல் பல்பும் ஸ்பீக்கரும் நம்முடையதுதான். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் வயரிங் படித்தேன், அதோடு சரி. கடலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்றால் உறவினர் வந்தால் காட்டுகிற இடம், அவ்வளவுதான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனையைக் கடற்கரையில் நடத்துவோம். தாம்பரத்திலிருந்து மூன்று வேன் கிளம்பும். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய், விடிவதற்கு முன்பே மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். பாட்டு, ஜெபம், பிரசங்கம். சூரியன் தலை காட்டும்போது எல்லோரும் எழுந்து கிழக்கே பார்த்து நிற்போம். சூரியன் வருவதைப் பார்க்கப் போகிற கூட்டத்துக்கு எதற்கு இத்தனை விளக்கு என்று எனக்கு ஒரு வருஷமும் தோன்றவில்லை.

தோன்றியிருந்தாலும் எங்கள் செயலாளர் விட்டிருக்க மாட்டார். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நல்ல மனிதர், ஆனால் இன்னமும் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்பது போலவே பேசுவார்.

"போன வருஷம் லைவ்ல நம்ம போதகர் முகமே தெரியலப்பா. துபாய்ல இருக்கிற என் பையன் கேட்கிறான், என்னப்பா சர்ச்சா, சுடுகாடான்னு. இந்த வருஷம் ரெண்டு ஃபோகஸ் போட்டுடு."

போட்டேன். லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரை நிறுத்தி, கூட்டத்துக்குப் பின்னால் இரண்டு கம்பம் நட்டு, முதலில் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டேன். இரண்டாவது பாட்டு நடக்கும்போது முன் வரிசையில் ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். நண்டு என்று நினைத்தேன். பிறகு என் வயர் மேலேயே ஒன்று ஏறி வந்தது. பிஸ்கட் அளவுதான் இருக்கும். கறுப்பு. முதுகில் மணல். துடுப்பு போட்ட மாதிரி இரண்டு கையையும் வீசி வீசி, இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு அவசரமா என்று நினைக்க வைத்தது. ஆமைக் குஞ்சு.

எங்களுக்கும் அலைக்கும் நடுவில், நாலைந்து வீட்டு வாசல் தூரத்தில், மணல் ஒரு குழியாக உள்வாங்கியிருந்தது. பால் பொங்குகிற மாதிரி அதிலிருந்து குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. கடல் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் எங்களை நோக்கி வந்தன.

அவ்வளவுதான், ஆராதனை கலைந்தது. எல்லார் கையிலும் போன். முன்னால் இருந்த ஒரு அம்மா கண் கலங்கிக் கைகளை உயர்த்திவிட்டார். "கல்லறை திறந்த நேரத்துல மண்ணைப் பிளந்துகிட்டு வருது பாருங்க! இது அடையாளம்! ஆண்டவர் நம்ம சபைக்குக் காட்டுற அடையாளம்!"

உடனே கைதட்டல். பாட்டு இன்னும் சத்தமாக. செயலாளர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "தம்பி, அந்த ரெண்டாவது லைட்டையும் போட்டு இந்தப் பக்கம் திருப்பு. லைவ்ல நல்லா விழணும்."

நான் போட்டேன். திருப்பினேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. நான் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, அதுகள் இன்னும் வேகமாக வந்தன. பார்த்தீர்களா, நம்மிடம் ஆசையாக வருகின்றன என்று எனக்கும் பெருமை.

நம் ஜனங்களிடம் கெட்ட எண்ணம் கிடையாது, பிள்ளைகளே. அதுதான் தொல்லையே. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். ஒருவர் பாவம், வறண்டு கிடக்கிறது என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து குஞ்சின் தலையில் ஊற்றினார். இன்னொருவர் கை கழுவ வைத்திருந்த வாளியில் ஏழெட்டைப் பிடித்துப் போட்டார். கடலில் நீந்துகிறது வாளியில் நீந்தாதா என்று கணக்கு. ஒரு அம்மா ஈஸ்டர் கேக்கைப் பிய்த்து அதன் வாயருகில் நீட்டினார். இரண்டு வாலிபர்கள் மணலில் கோடு கிழித்து, ஐந்தை வரிசையாக வைத்து ஓட்டப்பந்தயம் விட்டார்கள்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். கோவளத்து மீன்கார அக்கா. படகு கரைக்கு வருவதற்காக அன்னக்கூடையோடு காத்திருந்தவர், எங்கள் சத்தம் கேட்டு வந்திருக்கிறார்.

"இன்னா சார் இது, கண்ணாலமா? இம்மாம் லைட்டு போட்டு வச்சிகிறீங்க?"

"அம்மா, இங்க ஆராதனை நடக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் செயலாளர்.

"நான் தள்ளி நிக்கிறது கெடக்கட்டும். அதுங்க எங்க போவுதுன்னு பாரு. கடல் அந்தாண்ட கீது, இதுங்க உன் லைட்டாண்ட வந்துகினு கீது. பங்குனி ஆமைக் குஞ்சு சார். எங்க வெளிச்சமோ அங்கதான் கடல்னு நெனச்சிக்கும். இன்னும் செத்த நேரத்துல விடிஞ்சிடும். காக்கா வரும், நாய் வரும். ஒண்ணு மிஞ்சாது."

வாளிக்காரர் வாளியைத் தூக்கினார். "அதுக்கென்னம்மா, அப்படியே கொண்டுபோய் கடல்ல ஊத்திடறேன்."

"ஊத்துவ, ஊத்துவ. உன் புள்ளைய பொறந்த அன்னிக்கே தூக்கி ஆத்துல ஊத்துனியா? அதுங்க நடந்து போவணும். நடந்தாதான் அதுங்களுக்கு வழி புரியும்." சுற்றிலும் பார்த்தார். "யாருதுயா இந்த லைட்டு?"

வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நான் கையைத் தூக்கினேன்.

"அணை."

நான் செயலாளரைப் பார்த்தேன். போதகர் ஐயா அப்போதுதான் கூட்டத்தை அமைதிப்படுத்திப் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். விளக்கு போனால் கையில் இருக்கும் குறிப்பை அவரால் படிக்க முடியாது.

"பிரசங்கம் நடுவுலயா? பத்து நிமிஷம் பொறுப்பா" என்றார் செயலாளர்.

பத்து நிமிஷம். முதலில் வந்த குஞ்சுகள் ஏற்கெனவே நாற்காலிகளைத் தாண்டி என் ஆட்டோ டயர் வரைக்கும் வந்துவிட்டன. அதற்குப் பின்னால் ரோடு. நான் போய் இரண்டு பிளக்கையும் பிடுங்கினேன்.

இருட்டு. போதகர் ஐயா பாதி வசனத்தில் நின்றார். "தம்பி! லைட்டு!" என்று செயலாளர் கத்தினார். அடுத்த நொடியே நாற்பது போனில் டார்ச் எரிந்தது. இருட்டைப் பார்த்தாலே டார்ச் போட வேண்டும் என்று நம் ஆட்களுக்கு ஒரு வியாதி. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன். இருபது வருஷமாக மைக் கட்டுகிறேன், "ஹலோ, மைக் டெஸ்டிங்" தவிர வேறு எதுவும் அதில் பேசியதில்லை.

"ஐயா, மன்னிக்கணும். குஞ்சுங்க நம்ம வெளிச்சத்தைப் பார்த்து வழி தப்பி வருது. தயவுசெஞ்சு போனை அணைங்க. யாரும் கால எடுத்து வைக்காதீங்க. மிதிச்சிடுவீங்க. அப்படியே நில்லுங்க."

போதகர் ஐயா குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தம்பி சொல்றதக் கேளுங்க. சூரியன பார்க்கத்தான வந்தோம், அது வரைக்கும் சும்மா இருப்போம்" என்றார்.

நாங்கள் சும்மா நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிழக்கே கடல் மேல் ஒரு சாம்பல் நிறக் கோடு வந்தது. என் செருப்பருகில் நின்ற குஞ்சு தலையைத் தூக்கியது. அரை வட்டம் திரும்பியது. பிறகு கடலைப் பார்த்து நடந்தது. ஒன்று திரும்ப, இன்னொன்று திரும்ப, கடைசியில் மணல் முழுக்க அந்தச் சின்னத் துடுப்புத் தடங்கள். அக்கா எங்களை இரண்டு பக்கமும் நிற்க வைத்துக் காக்கையை விரட்டச் சொன்னார். வாளியில் இருந்ததையெல்லாம் ஈரமணலில் இறக்கி விட்டார். அதில் இரண்டு நடக்கவில்லை.

எல்லாம் தப்பித்தன என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வெளிச்சம் வந்து நாற்காலிகளை மடக்கும்போது, ஒரு நாற்காலிக் காலுக்கு அடியில் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதை யாரிடமும் காட்டாமல் மணலைத் தள்ளி மூடினேன்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு நானும் குடும்பத்தோடு வேனில் ஏறினேன். வேன் திரும்பிப் போகிறது. செயலாளர் முன் சீட்டில், என்னோடு பேச்சு இல்லை. கேளம்பாக்கம் வந்தபோது என் மனைவி பசிக்கிறது என்று, கூட வந்த தன் தம்பியின் டிபன் டப்பாவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"டேய்! இட்லி வச்ச டப்பாலடா!"

உள்ளே ஒரு கை மணல், அதன் மேல் ஒரு குஞ்சு.

"சும்மா ஒண்ணே ஒண்ணுதான் மாமா" என்றான் என் மச்சான். "வீட்ல நாலடி டேங்க் சும்மாதான இருக்கு. நான் நல்லா பார்த்துப்பேன்."

"அது கடல் தண்ணில இருக்கிறது மச்சான்."

"கல்லுப்பு போட்டுக்கலாம் மாமா."

கல்லுப்பு! இவன் பி.காம். படித்தவன். ஆமையை வீட்டில் வைத்திருந்தால் சட்டப்படி குற்றம், ஜெயில் என்றேன். அதற்கு அவன், ஒரு பிஸ்கட் சைஸுக்கா ஜெயில் என்றான். டிரைவர் வண்டியைத் திருப்ப முடியாது என்றுவிட்டார், அவருக்கு அடுத்த சவாரி. "என்னைய இங்கயே இறக்குங்க" என்றேன். மச்சானின் கையைப் பிடித்து அவனையும் இறக்கினேன்.

ஈஸ்டருக்கு முந்தின விரதத்தில் நாற்பது நாள் கறி சாப்பிடாமல் இருந்த மனிதனுக்கு மாமியார் வீட்டில் பிரியாணி காத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, மடியில் டப்பாவோடு பஸ்ஸில் மறுபடி கோவளம். வழி நெடுக மச்சான் புலம்பல்.

"ஒரு ஆமைக்கு இவ்ளோ சீன் போடணுமா மாமா? அங்க அவ்ளோ போச்சு, இது ஒண்ணு இல்லன்னா கடலுக்குத் தெரியவா போகுது?"

"உனக்கும் எனக்கும் தெரியுமில்ல. வாய மூடு."

கோவளத்தில் அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா டப்பாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"எத்துகினு போன தொரை நீதானா?" என்று மச்சானைக் கேட்டார். அவன் முதல் முறையாகத் தலை குனிந்தான். "அலையாண்ட விடாத. கொஞ்சம் இந்தாண்ட, ஈரத்துல வையி. தானா போவட்டும்."

வைத்தேன். அது அசையவில்லை. அதற்குள் பத்துப் பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். "அண்ணா, ஒரு செல்ஃபி" என்று ஒருவன். "தூக்கிப் போடுங்க சார், நீந்திக்கும்" என்று இன்னொருவன். "கொஞ்சம் வெயில்ல காட்டுங்க" என்று மூன்றாமவன். கேட்காமலே எல்லோரும் டாக்டர். நான் எல்லோரையும் கும்பிட்டேன். மச்சான் கும்பிடவில்லை. ஈஸ்டருக்கு எடுத்த புது வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் காக்கை பக்கம் வீசிக்கொண்டே கத்தினான்: "தள்ளி நில்லுங்கப்பா! அதுக்குக் கடல் தெரிய வேணாமா? நீங்க நின்னா உங்க காலுதான் தெரியும்!"

குஞ்சு ஒரு துடுப்பைத் தூக்கியது. பிறகு மற்றொன்றை. முதல் அலை அதை வந்த இடத்துக்கே தள்ளியது. இரண்டாவது அலை போனபோது மணல் காலியாக இருந்தது.

"பொழைக்குமாக்கா?" என்று மச்சான் கேட்டான்.

"எனக்கு இன்னா தெரியும்? பொழைச்சா என்னிக்காச்சும் ஒரு பங்குனிக்கு இங்கதான் வரும். அப்போ லைட்டு போட்டுகினு நிக்காதீங்க."

இந்த வருஷ ஈஸ்டர் நெருங்குகிறது. போன வாரம் செயலாளர் போனில் கூப்பிட்டார். போன வருஷம் போலவே இரண்டு ஃபோகஸ், லைவ் இருக்கிறது என்றார். விடிந்த பிறகு ஆராதனை வையுங்கள் சார், நான் மைக் மட்டும் கட்டுகிறேன் என்றேன். அது காலங்காலமாக வந்த வழக்கம், மாற்ற முடியாது என்றார். ஃபோகஸ் லைட்டும் காலங்காலமாக வந்ததா சார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். பெருங்களத்தூரில் வேறு ஆளைப் பிடித்திருக்கிறாராம்.

பிடிக்கட்டும். நானும் குடும்பத்தோடு வேனில் போவேன். முன் வரிசையில் உட்கார மாட்டேன். நானும் மச்சானும் அந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் உட்காரப் போகிறோம், பிளக்குக்குக் கை எட்டுகிற தூரத்தில்.