மனுசக் கண்ணுக்கு ஒரு பட்டன்

இது பட்டப்பகலில் நடந்தது. கட்டிவிட்ட கதையாக இருந்தால் இருட்டு, மழை, ஆளில்லாத வீடு என்று எதையாவது சேர்த்திருக்கலாம். இதில் அப்படி ஒன்றும் கிடையாது. உச்சி வெயில். உறுமி மேளம். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு முனியாண்டி கோயில். அதைச் சுற்றி எள் விழ இடமில்லாத கூட்டம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் லோகேஸ்வரன் கண்டதை அவர்களில் ஒருவரும் காணவில்லை. அவன் கண் மட்டும்தான் கேமராவுக்குப் பின்னால் இருந்தது.

லோகேஸ்வரன் லூனாஸ் என்ற ஊரில் படம் எடுப்பவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அவன்தான். கூலிமிலிருந்து பண்டார் பாரு வரை அவன் ஏறாத மண்டபம் கிடையாது. அவனுக்கு ஒரே தம்பி, புவனேசன். தொழிற்சாலையில் நல்ல வேலை. பாசமான மனைவி. ஓயாத கிண்டல் பேச்சு. அப்படிப்பட்டவனுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். லோகேஸ்வரன் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றான். பொருந்தவில்லை. இப்படியே போனால் வருடம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தம்பி மனைவி யோகேஸ்வரி முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டாள். உயிருக்கு உயிர். கறுப்புக் கிடா.

அந்தக் கோயிலில் நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் கத்தியைத் தொடக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

"மாமா, கிடா சிலுப்புற படம் எனக்கு வேணும். வீட்டுல சாமி மேடைக்கு மேல மாட்டணும். விட்டுறாதீங்க" என்றாள் யோகேஸ்வரி.

"நான் எதைம்மா விட்டிருக்கேன்?"

"என் தங்கச்சி கல்யாணத்துல? தாலி கட்டுறப்ப நாதஸ்வரக்காரருதான் பளிச்சுன்னு விழுந்திருந்தாரு. மாப்பிள்ளை மூஞ்சி இன்னும் புகையாத்தான் இருக்கு."

அது உண்மைதான். பழைய கேமரா கூட்டத்தில் கண்ட முகத்தில் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் புதுக் கேமரா வாங்கினான். வாங்கியதும் முதல் வேலையாக அதன் பட்டன்களை மாற்றி அமைத்தான். திருவிழாவில் ஒரு கணம் ஆளை எடுக்க வேண்டும், மறுகணம் ஆட்டை எடுக்க வேண்டும். மெனுவுக்குள் போய்த் தேடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு நொடி கையை விட்டுப் போய்விடும்.

கேமராவின் பின்பக்கம், கட்டைவிரல் விழும் இடத்தில் அடுத்தடுத்து இரண்டு பட்டன். வலது பட்டன் மனிதக் கண்ணை மட்டும் தேடும். இடது பட்டன் மிருகத்தின் கண்ணை மட்டும் தேடும். தேடிய கண் கிடைத்தால் அதன் மேல் ஒரு பச்சைச் சதுரம் வந்து உட்காரும். கிடைக்காவிட்டால் சதுரமே வராது. விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், ஆளிலிருந்து ஆட்டுக்குத் தாவிவிடலாம்.

வீட்டில் பூனையையும் மனைவி காஞ்சனாவையும் வைத்து மாற்றி மாற்றி அமுக்கிப் பழகினான்.

"ரெண்டுல எது பொண்டாட்டின்னு அதுக்காவது தெரியுதே, சந்தோசம்லா" என்றாள் காஞ்சனா.

கேமரா ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

கிடாவைப் பண்டார் பாரு பக்கம் ஆடு வளர்க்கும் பாக் சாலே என்ற மலாய்க்காரரிடம் வாங்கியிருந்தார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் லோகேஸ்வரனே தன் வேனில் போய் அதை ஏற்றி வந்து கோயிலில் விட்டான்.

மறுநாள் கோயில் வாசலில் கேமராவைச் சோதித்துப் பார்த்தான். முதலில் பூசாரி பிச்சை. வலது பட்டன். கண்ணில் பச்சைச் சதுரம்.

"பல்லு தெரியாம எடு தம்பி. முனியாண்டியே பயந்துருவாரு" என்றார் பிச்சை.

அடுத்து, பந்தலுக்கு அடியில் படுத்திருந்த நாய். இடது பட்டன். பச்சை.

எல்லாம் சரி.

புவனேசன் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சில நாளாகவே அவன் பேச்சு நின்றுபோயிருந்தது. கேட்டால் 'ம்' என்பான். அதுவும் எப்போதாவது. நோய்க் களைப்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். லோகேஸ்வரன் தம்பியை நோக்கிக் கேமராவைத் திருப்பினான். வலது பட்டனை அமுக்கினான்.

சதுரம் வரவில்லை.

வெளிச்சம் போதவில்லையோ என்று இரண்டடி நகர்ந்தான். மறுபடி அமுக்கினான். வரவில்லை. நல்ல வெளிச்சம். நேர் முகம். கண்கள் திறந்திருந்தன.

வியர்வையில் கட்டைவிரல் வழுக்கி இடது பட்டனில் பட்டது.

'பீப்'.

தம்பியின் கண் மேல் பச்சைச் சதுரம்.

லோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. "டேய் புவனா, உன்னைய மாடுன்னு சொல்லுதுடா இது!"

பழைய புவனேசனாக இருந்தால், 'அண்ணன் மூஞ்சியைக் காட்டிப் பாருங்க, குரங்குக்குத் தனிப் பட்டன் கேக்கும்' என்றிருப்பான். இவன் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்க்கவும் இல்லை. காற்று வரும் திசையில் முகத்தைத் திருப்பினான். மூக்கு மட்டும் லேசாக அசைந்தது.

லோகேஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

புதுக் கேமரா, ஏதோ கோளாறு... அப்படித்தான் நினைத்தான். அமைத்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைத்தான். வலது, மனிதன். இடது, மிருகம். பிச்சையைப் பார்த்தான். சரி. நாயைப் பார்த்தான். சரி. மேளக்காரர்கள், பிள்ளைகள், சோறு வடிக்கும் பெண்கள்... எல்லாம் சரி.

தம்பியைப் பார்த்தான்.

இடது பட்டன் மட்டும்தான்.

அதற்குள் உறுமி முழங்க ஆரம்பித்துவிட்டது. கிடாவை மாலை போட்டு இழுத்து வந்தார்கள். வேண்டுதல் யாருக்கோ அவர்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். கயிற்றைப் புவனேசன் கையில் கொடுத்தார்கள்.

கிடா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கயிறு கழுத்தை நெரிக்க நெரிக்க யோகேஸ்வரியை நோக்கி இழுத்தது. அவள் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்தது. அவள் பதறிக் கையை உதறினாள்.

"ச்சூ... போ! என்ன மாமா, இப்படிப் பார்க்குது?"

லோகேஸ்வரன் கேமராவைக் கண்ணில் வைத்தான். ஆடுதானே. இடது பட்டன்.

வரவில்லை.

கிடா திரும்பியது. நேராக அவன் கேமராவுக்குள் பார்த்தது.

அவன் கட்டைவிரல் நகர்ந்தது. வலது பட்டன்.

'பீப்'.

கிடாவின் கண் மேல் பச்சை.

கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தான். ஆடுதான். கறுப்பு ஆடு. மறுபடி கேமராவுக்குள் பார்த்தான். சதுரம் அசையவில்லை. அது கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது...

பிச்சை முதல் செம்பை ஊற்றினார். கிடா சிலுப்பவில்லை.

இரண்டாவது செம்பு. அசையவில்லை. தண்ணீர் வயிற்றில் வழிந்து சொட்டியது.

"உத்தரவு வரல" என்றார் பிச்சை. "காத்திருப்போம்."

யோகேஸ்வரி மண்ணில் விழுந்துவிட்டாள். "முனியாண்டி! எனக்கு வேற யாரு இருக்கா? அவரைக் குடுத்துரு! குடுத்துரு!"

அவள் குரல் கேட்டுக் கிடா முன்னங்காலை மடக்கியது. அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

கூட்டத்தில் சலசலப்பு. வெயில் ஏறியது. கடைசியில் யோகேஸ்வரியே எழுந்தாள். பிச்சையிடமிருந்து செம்பை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள்.

கிடா எழுந்து விலகியது.

தண்ணீர் முழுவதும் பின்னால் நின்ற புவனேசன் மேல் விழுந்தது.

அவன் சிலுப்பினான்.

குளிரில் ஆள் நடுங்குவது போல இல்லை அது. தலையில் தொடங்கியது. கழுத்து. தோள். முதுகு. இடுப்பு. ஒரே அலை. துளிகள் நாலாபக்கமும் தெறித்தன.

பின்வரிசைக்குத் தெறித்த தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

"சிலுப்பிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

குலவை. உறுமி.

உத்தரவு கேட்டுச் சாமி பக்கம் திரும்பியிருந்த பிச்சை, சத்தம் கேட்டுக் கத்தியை எடுத்தார்.

"அண்ணே, வேணாம்! அது சிலுப்பல! அது..."

லோகேஸ்வரன் கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

நாலு பேர் கிடாவைப் பிடித்தார்கள்.

அது அவனைப் பார்த்தது.

பச்சை.

கத்தி ஏறியது.

பச்சை.

இறங்கியது.

பச்சை... இன்னும் பச்சை...

அணைந்தது.

அன்று சாயங்காலமே புவனேசன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். கறியைத் தொடவில்லை. அந்த வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையை டாக்டர் நம்பாமல் இரண்டு தடவை திரும்ப எடுக்கச் சொன்னார். அடுத்த மாதம் டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர். லூனாஸ் முழுக்க முனியாண்டியின் பெருமைதான் பேச்சு. யோகேஸ்வரி முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பு.

"சிலுப்புன படம் எங்க மாமா?"

"விட்டுட்டேன்ம்மா."

"அதானே! அவ்ளோ பெரிய கேமராவைத் தூக்கிட்டு வந்தீங்க!"

அவனிடம் இருந்தவை வேறு படங்கள். வெட்டுவதற்கு முன் எடுத்தவை. ஒன்றில்கூடப் பிசகு இல்லை. எல்லாவற்றிலும் கிடாவின் ஒரு கண் மட்டும் துல்லியமாக, இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி. அவற்றை அவன் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை.

புவனேசனுக்கு உடம்பு தேறிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. மழை வருமுன்னே, வானம் வெளுத்திருக்கும்போதே, எங்கிருந்தாலும் ஓடி வந்து கூரைக்கு அடியில் நின்றுகொள்கிறானாம். யோகேஸ்வரி காய் நறுக்கக் கத்தியை எடுத்தால் வெளியே போய்விடுகிறானாம்.

"அது கிடக்கட்டும் மாமா, உயிரோட இருக்காருல்ல" என்றாள். பிறகு, இனி சொன்னால் பரவாயில்லை என்பதுபோல ஒன்றைச் சொன்னாள். "உங்ககிட்ட மறைச்சுட்டேன். திருவிழாவுக்கு முந்தின செவ்வாக்கிழமை, டயாலிசிஸ் பண்ணிட்டிருக்கப்பவே அவருக்கு இதயம் நின்னுருச்சு. முடிஞ்சிருச்சுன்னே சொல்லிட்டாங்க. அப்புறம் நர்சுங்க நெஞ்சுல அமுக்கி அமுக்கித்தான் எழுப்புனாங்க. சாயங்காலம் எந்திரிச்சு உட்கார்ந்தாரு. நீங்க பயந்துருவீங்கன்னுதான் சொல்லல."



போன மாதம் ஒரு கல்யாண வேலையாகப் பண்டார் பாரு போயிருந்தான். திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் பாக் சாலே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினார். அவர்தான் முதலில் கேட்டார், மலாயில்.

"அந்தக் கறுப்பு ஆடு... வெட்டிட்டீங்களா?"

"வெட்டியாச்சு, பாக் சாலே."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உன்கிட்ட மறைச்சு வித்தேன், அது என் தப்பு. நீ வந்து ஏத்திக்கிட்டுப் போன அந்த வாரம்தான். செவ்வாய்க்கிழமை அது செத்து விழுந்துச்சு. உடம்பு குளிர்ந்து போச்சு. புதைக்கக் குழியே வெட்டிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தா எழுந்து நிக்குது. அதுக்கப்புறம் புல்லைத் தொடல. என் மனைவி சோறு வச்சா, அதைத்தான் சாப்பிட்டுச்சு. நாள் பூரா வேலியோரம் நின்னு சாலையைப் பார்க்கும். எந்த வண்டி போனாலும் எட்டி எட்டிப் பார்க்கும். எங்களுக்குப் பயமாப் போச்சு."

"கட்டி வச்சிருக்கலாமே..." என்றான் லோகேஸ்வரன். என்ன பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"கட்டித்தான் வச்சிருந்தோம். நீ வந்தியே, அன்னைக்குத்தான் கயிற்றை அவிழ்த்தேன். நீ அந்தப் பக்கம் போன்ல பேசிக்கிட்டு நின்னே, பார்க்கல. பிடிச்சு ஏத்தணும்னு நானும் என் மகனும் போறதுக்குள்ள அது ஓடிச்சு. நேரா உன் வேனுக்கு. தானாவே ஏறி, உன் சீட்டுக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்கிச்சு."

பாக் சாலே குரலைத் தாழ்த்தினார்.

"என் மனைவி அதைப் பார்த்து அழுதுட்டா. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வந்துருச்சுன்னு நினைக்குது'ன்னா."