சீமை எலியின் மருந்து டப்பா

எங்கள் மிஷன் பள்ளியை நடத்திவந்த வெள்ளைக்காரத் துரைசாணி சீமைக்குக் கப்பலேறும்போது, தான் வளர்த்த இரண்டு சீமை எலிகளை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாலில்லாத, முயலுமல்லாத எலியுமல்லாத பிராணி. நான் அப்போது பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளி வாத்தியார்; மகளுக்கு ஏழு வயது. வந்த மாதமே ஒன்றைப் பூனை கீறிவிட்டது. காயத்தில் வைக்க மஞ்சள் தேடி நான் அடுக்களையைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது செத்துப்போயிற்று. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மற்றதையும் பறிகொடுத்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்தப் பயத்தில்தான் ஒரு பிஸ்கோத்து டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன். பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அலசிய துணி, மஞ்சள்பொடி, புண்ணுக்கு வேப்பெண்ணெய், வயிற்றுக்கு ஓமத் தண்ணீர், அதைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட ஒரு கோழியிறகு. எதையாவது விட்டுவிட்டோமோ என்று வகுப்பில் நிற்கும்போதும் மனசு அடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் தலைப்பாகையைக் கழற்றுமுன் டப்பாவைத் திறந்து பார்ப்பேன்.

“எலிக்கு ஆஸ்பத்திரியே கட்டுதியளே! டாக்டர் ஐயா, எனக்கும் ரெண்டு நாளா தலைவலி” என்றாள் மனைவி.

“சும்மா கெட!” என்று கத்தினேன். பயந்து கிடப்பவனிடம் என்ன கேலி?

ஐப்பசி மழையில் ஈரப்புல்லைத் தின்று அதற்கு வயிறு உப்பிவிட்டது. விரலால் தட்டினால் தொம்மென்றது. ஓமத் தண்ணீர் விட்டேன். அதோடு நின்றேனா? வயிறு கெட்டாலும் காய்ச்சல் அடித்தாலும் எங்கள் பக்கம் முதல் வைத்தியம் லங்கணம்தான். சரியாகும்வரை தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. கூட்டிலிருந்த புல்லையெல்லாம் வழித்து வெளியே போட்டேன். அது கம்பியைப் பிடித்துக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தியது. ஐயோ, வலி தாங்காமல் கத்துகிறதே என்று இன்னும் நாலு சொட்டு விட்டேன். கர்த்தரே, இதையாவது விட்டுவையும் என்று ஜெபமும் செய்தேன்.

மறுநாள் காலையில் கூட்டின் மூலையில் காய்ந்த புல் துணுக்குகள் கிடந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஏட்டி, அதக் கொல்லப் பாக்கியா?”

மகள் ஓடிவந்து கூட்டை மறைத்துக்கொண்டு நின்றாள். எலியை ஒரு கூடையில் வைத்து, அவளையும் இழுத்துக்கொண்டு மிஷன் டாக்டரம்மாவிடம் ஓடினேன். சிறு பிராயத்தில் சீமையில் அவரும் இவற்றை வளர்த்தவராம். வயிற்றைத் தடவிப் பார்த்தார். உப்பல் பாதி வற்றியிருந்தது.

“பட்டினி போட்டீர்களா? இது ஒரு நாள் தின்னாவிட்டால் குடல் நின்று செத்துவிடும். நல்லவேளை, யாரோ புல் கொடுத்திருக்கிறார்கள்” என்றார்.

திரும்பி வரும்போது மகளிடம் பையக் கேட்டேன்: “அது பசியிலதான் கத்துதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“போன வருசம் காய்ச்சல்ல நானும் அப்படித்தானப்பா கத்துனேன்” என்றாள். “நீங்க மருந்துதான தந்திய.”