நைஜரில் ஒரு விதானையார்

"நைஜர்னா நைஜீரியாவா?" என்று அம்மா போனில் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. சில வாரங்களுக்கு முன்னால் எனக்கும் அதே சந்தேகம் இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. பாரிசில் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில் வேலை கிடைத்த கையோடு அந்த நாட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். கடல் எந்தப் பக்கமும் கிடையாது, பெரும்பகுதி மணல். எந்த ஊர் எதற்குள் அடங்கும் என்று கணினியில் ஒழுங்குபடுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சுலபம் என்று நினைத்தேன். நான் திண்டுக்கல்காரி. மாவட்டம், வட்டம், ஊராட்சி, குக்கிராமம் என்று ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பார்த்தே பழகியவள். அங்கேயும் பிராந்தியம், அதற்குள் மாவட்டம், அதற்குள் எங்கள் ஊராட்சி மாதிரி கொம்யூன், அதற்குள் ஊர் என்று இருந்தது. ஆனால் தாவுவா என்ற பெயர் பிராந்தியத்துக்கும் இருந்தது, மாவட்டத்துக்கும் இருந்தது, நகரத்துக்கும் இருந்தது. போதாததற்கு அரசு அப்போதுதான் மாவட்டங்களைப் பிரித்திருந்தது. நேற்றுவரை ஒன்றில் கிடந்த ஊர் இன்று இன்னொன்றில் கிடந்தது. இதையெல்லாம்கூட எப்படியோ சமாளித்தேன். ஊர்களுக்கும் அடியில் கிணறுகள், கூடாரங்கள் என்று வந்து, அவற்றுக்கும் அடியில் 'குழு' என்று ஒரு வகை வந்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. குழுவுக்கு இடமே கிடையாது. ஒரு தலைவர் இருப்பார், அவரைச் சேர்ந்த மேய்ச்சல் குடும்பங்கள் இருக்கும். இதை வரைபடத்தில் எங்கே வைப்பது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "வைக்காதே, அப்படியே விடு" என்றார். எனக்கு எதையும் அப்படியே விட்டால் தூக்கம் வராது.

அப்போது பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஒரு வீட்டில் குடியிருந்தேன். ஓர் அறை எனக்கு, இன்னோர் அறை அக்காவுக்கு. அக்கா என்பது நான் அழைத்த பெயர். உறவு ஒன்றும் இல்லை. போர் முடிந்தபிறகு வன்னியிலிருந்து வந்தவர். பக்கத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. பின்னால் புறப்பட்ட கணவர்தான் வந்து சேரவில்லை. ஏஜென்ட் அவரை ஆப்பிரிக்கா வழியாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். பல மாதங்களாக அவரைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. அக்கா விரதம் இருந்து இருந்து பாதியாகிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"பிள்ளை, அவர் கதைச்சவர்! உயிரோடை இருக்கிறார்!"

"எங்கக்கா இருக்காரு?"

"நைஜர் எண்டு சொல்லுறார். நீர் பாக்கிற நாடெல்லே அது?"

பாலைவனத்தைத் தாண்ட லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். வழியில் கடும் காய்ச்சல். ஓட்டுநர் ஒரு கிணற்றடியில் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஆடுமாடு மேய்க்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தலைவரின் மகனிடம் ஒரு கைபேசி இருந்தது. சந்தைக்குப் போகும்போது மட்டும் அதற்கு மின்சாரம் கிடைக்கும்.

விசாரித்ததில் அந்த நாட்டுத் தலைநகரில் ஓர் உதவி நிறுவனம் இருப்பது தெரிந்தது. இடத்தைச் சொன்னால் வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். தலைநகருக்கு வந்துவிட்டால் மனைவியோடு சேர, குடும்ப இணைப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். மழை தொடங்கிவிட்டால் பாதை போய்விடும், சீக்கிரம் சொல்லுங்கள் என்றும் சொன்னார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நாட்டின் அத்தனை ஊரும் என் கணினியில் இருக்கும்போது எனக்கு என்ன கஷ்டம் என்பது அவர் நினைப்பு. என் நினைப்பும் அதுதான்.

முதல் அழைப்பில் அக்காவின் கணவர் ஓர் ஊர்ப் பெயர் சொன்னார். தேடிப் பிடித்தேன். அடுத்த ஞாயிறு வேறொரு பெயர். அது முதல் ஊரிலிருந்து வெகுதூரம், வேறு மாவட்டம். அதற்கடுத்து மூன்றாவதாக ஒன்று, அது வேறு பிராந்தியம். காய்ச்சலில் எழுந்து உட்காரவே முடியாத மனிதர் எப்படி இப்படிப் பறக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. பொய் சொல்கிறாரோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அழுகையும் வந்தது.

அக்கா தன் வழியில் போனார். கணவரிடம் போனில் கட்டளை போட்டார்.

"இஞ்சாருங்கோ, முதலிலை அங்கத்தை விதானையாரிட்டைப் போய்ப் பதியுங்கோ. பதியாமல் இருந்தா உங்களை ஒருத்தரும் கணக்கிலை எடுக்கமாட்டினம்."

விதானையார் என்றால் எங்கள் பக்கத்து வி.ஏ.ஓ. மாதிரி. கிராமத்துக்கு அரசாங்கம் என்றால் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, பாலைவனத்துல விதானையாரெல்லாம் இருக்க மாட்டாருக்கா."

"ஆக்கள் இருக்கிற இடத்திலை விதானையார் இல்லாமல் இருப்பரோ? விசர்க்கதை கதையாதையும்."

கணவரும் காய்ச்சல் விட்டதும் மறுபேச்சுப் பேசாமல் போயிருக்கிறார். தலைவரின் கூடாரத்துக்கு முன்னால் நின்று தன் பெயர், தகப்பன் பெயர், மனைவி பெயர் எல்லாம் சொன்னாராம். தலைவர் கேட்டுக்கொண்டு தலையசைத்தாராம். அன்றிலிருந்து பாலும் கஞ்சியும் முறையாக வந்ததாம். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசியில் மூன்று பெயர்களில் கிணறு இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுத்தேன். நிறுவனத்துக்குச் சொன்னேன். வண்டி போனது. அன்று அக்கா வேலைக்குப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிற்பகலில் பதில் வந்தது. கிணறு இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, ஆள் ஒருவரும் இல்லை. வடக்கே முன்கூட்டியே மழை பெய்துவிட்டது.

அக்கா போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் சமையலறையில் இருந்தபோது வந்தது. பேசியது தலைவரின் மகன். பள்ளிக்கூடம் போனவன், நல்ல பிரெஞ்சு. நான் கிட்டத்தட்டச் சண்டைக்கே போய்விட்டேன். நீங்கள் எந்த ஊர், ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றேன்.

அவன் பொறுமையாகச் சொன்னான். முதல் பெயர், தங்கள் குழு அரசாங்கத்தில் பதிவாகியிருக்கும் கொம்யூன். இரண்டாவது, கோடையில் தண்ணீர் குடிக்கும் கிணறு. மூன்றாவது, சந்தை. இப்போது மூன்றிலும் இல்லை. மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் காட்ட வடக்கே சமவெளிக்கு வந்திருக்கிறார்கள்.

"இடத்தைத் தேடாதீர்கள். எங்கள் ஆட்கள் எங்கே என்று கேளுங்கள். வழியில் யாரும் சொல்வார்கள்" என்றான்.

ஊர் அசையாது, ஆட்கள்தான் அசைவார்கள் என்று நம்பி வளர்ந்தவள் நான். இங்கே ஊரே ஆட்களாக இருந்தது. வியப்போடு இதை அக்காவிடம் தமிழில் சொன்னேன். அவர் அசரவில்லை.

"அதுக்கென்ன? நாங்கள் இடம்பெயரேக்கை எங்கடை விதானையாரும் எங்களோடை தானே வந்தவர். போற இடத்திலை மரத்துக்குக் கீழை இருந்து பதிஞ்சவர். ஊர் அங்கை, விதானையார் பிரிவு எங்களோடை."

நான் இன்னும் குழம்பிப்போனேன். அதற்குள் மகன் மறுபடி பேசினான்.

"வண்டி வரட்டும், பாதை இன்னும் போய்விடவில்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு கேள்வி. இந்த மனிதர் தானாக வந்து எங்கள் கணக்கில் சேர்ந்தார். இப்போது அவரை யாரிடம் கொடுக்கிறோம்? வண்டிக்காரரிடமா? போன தடவை வண்டிக்காரன்தானே அவரைச் சாகப் போட்டுவிட்டுப் போனான். அவருடைய மனைவி யாரைச் சேர்ந்தவர்? அவர்களுக்குத் தலைவர் யார்?"

மொழிபெயர்த்தேன். அக்கா பழக்கதோஷத்தில் மாவட்டம், பிரிவு, கிராமம் என்று மளமளவென்று ஒப்பித்தார்.

"அது இடம். தலைவர் யார்?" என்றான் மகன்.

"விதானையார்..." என்று தொடங்கிய அக்கா நிறுத்தினார். "அவர் கடைசிச் சண்டையிலை செத்துப்போனார், பிள்ளை."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. இருவரும் அணைக்கப் போகவில்லை. அக்கா வேலை செய்யும் உணவகத்தின் முதலாளியைச் சொல்லலாமா என்றேன். அந்த மனுசனையோ என்று முகத்தைச் சுளித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் எண்டு சொல்லும்."

"நான் திண்டுக்கல் அக்கா!"

"அவருக்குத் திண்டுக்கல் எங்கை தெரியப்போகுது. சொல்லும்."

என் ஒற்றை அறை வாடகையையே முக்கி முனகிக் கட்டுகிறவள் நான். ஆனால் அந்தப் பக்கம் கிழவரான தலைவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நான்தான்" என்றேன் பிரெஞ்சில்.

அங்கே தங்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். மாடு ஒன்று கத்தியது.

"நீங்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார்."

அக்காவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு பேர் எண்டு சொல்லும். அவரையும் சேர்த்துச் சொல்லும்."

சொன்னேன். இந்த முறை பதில் உடனே வந்தது.

"அப்படியானால் உங்கள் ஆள் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். வந்து கூட்டிப்போங்கள்."